கிளிப் உங்களுடையது; காசு யாருக்குப் போகிறது?

2025 ஏப்ரல் 4-ம் தேதி உத்தரகோசமங்கை மங்களநாதர் கோயிலில் கும்பாபிஷேகம். இரண்டே நாள் கழித்து, 6-ம் தேதி, பாம்பனில் புதிய ரயில் பாலத் திறப்பு. ராமநாதபுரம் மாவட்டத்தில் கேமராவும் டேட்டாவும் வைத்திருந்தவர்களுக்கு இப்படியொரு வாரம் அடிக்கடி அமையாது. கோயில் விமானத்தைச் சுற்றி நின்ற கூட்டம், 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பாலம் மெல்ல மேலே ஏறும் காட்சி என்று நம்ம ஊர்ப் பையன்கள் எடுத்துத் தள்ளினார்கள். இதுபோன்ற கிளிப்புகளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சில மணி நேரத்தில் லோகோ மாறும், மியூசிக் மாறும், முன்பின் தெரியாத ஒரு பக்கத்தில் லட்சக்கணக்கில் வியூஸ் ஏறும். எடுத்தவருக்கு ஒரு ‘கிரெடிட்’ கூட இருக்காது.

இதைத் தடுக்கலாம். அதைவிட முக்கியமாக, இதிலிருந்து சம்பாதிக்கலாம். இன்னும் ஒரு படி போனால், மற்றவர்களுக்காக இதைச் செய்து கொடுப்பதையே வேலையாக்கிக்கொள்ளலாம். மூன்றுக்கும் தேவை ஒரே திறமைதான்: கிளிப் யாருடையது என்று காகிதத்தில் நிரூபிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். யூடியூப் 2005-ல் தொடங்கியது. 2007 மார்ச்சில் வயாகாம் நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. எங்கள் நிகழ்ச்சிகளை யார் யாரோ ஏற்றுகிறார்கள் என்பது புகார். அதே ஆண்டு யூடியூப் ‘கன்டென்ட் ஐடி’யைக் கொண்டுவந்தது. உரிமையாளர் தன் ஒரிஜினல் ஃபைலைக் கொடுத்துவிட வேண்டும். யார் எதை ஏற்றினாலும் சிஸ்டம் படத்தையும் சத்தத்தையும் அதோடு ஒப்பிடும். பொருந்தினால் மூன்று வழி: தடுக்கலாம், விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பலாம், வெறுமனே கணக்கு மட்டும் பார்க்கலாம். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கிளெய்ம்களில் உரிமையாளர்கள் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழியைத்தான். 2024 முடிய இப்படி 1,200 கோடி டாலர் கொடுத்திருப்பதாக யூடியூப் சொல்கிறது. உங்கள் சித்தப்பா மகன் ஏற்றிய பழைய காமெடி சீன் இன்னும் அழிக்கப்படாமல் ஓடுகிறதா? அந்த வருமானம் பெரும்பாலும் படத்தின் உரிமையாளருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆள் போட்டுத் தேடி அழிப்பதைவிட, ஓடவிட்டுக் காசு பார்ப்பது லாபம் என்று பெரிய கம்பெனிகள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. நீங்களும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

1. நீங்கள்தான் ஓனரா என்று முதலில் பாருங்கள்

கேமராவைப் பிடித்தவர்தான் ஓனர் என்று பலரும் நம்புகிறார்கள். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் காசு கொடுத்து, அவருக்காக நீங்கள் வீடியோ எடுத்தால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில் காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எடுத்தால் முதலாளி உரிமையாளர். அதாவது நீங்கள் எடுத்த கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, கோயில் கமிட்டி பணம் கொடுத்த திருவிழா வீடியோ எதுவும் தானாக உங்களுடையது ஆகாது. அதில் ஒரு கிளிப் வைரலானால், வருமானம் கேட்கும் உரிமை கல்யாண வீட்டுக்காரருக்கு.

தீர்வு எளிது. கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘ஃபுட்டேஜின் காப்புரிமையும் ஆன்லைனில் வெளியிடும் உரிமையும் வீடியோகிராபருக்கு.’ இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். தங்கள் வீட்டு விசேஷத்தை வெளியிட விருப்பமில்லாதவர்கள் அந்த வரியை அடித்துவிடுவார்கள். அடிக்கட்டும்; உங்களுக்கும் நிலைமை தெளிவாகிவிடும்.

நியூஸ் சேனல்களுக்கு ஃபுட்டேஜ் அனுப்பும் ஸ்ட்ரிங்கர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதி என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் 19-ம் பிரிவு எடுத்துக்கொள்ளும். உரிமையை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ‘ஒருமுறை ஒளிபரப்ப மட்டும் அனுமதி; யூடியூபில் ஏற்றத் தனிக் கட்டணம்’ என்று மெயிலில் எழுதி, அதற்குப் பிறகு ஃபைலை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ‘சார், வீடியோ அனுப்பிட்டேன்’ என்பதோடு நிறுத்துகிறவருக்குப் பின்னால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

சில நொடிகள்தானே என்று அலட்சியம் வேண்டாம். 2024 நவம்பரில் நயன்தாரா பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தில் ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த 3 நொடிக் காட்சி வந்தது. படத்தின் தயாரிப்பாளரான தனுஷ் தரப்பிலிருந்து 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. படத்தில் இல்லாத, செட்டில் யாரோ எடுத்த காட்சி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அவ்வளவு பெரிய இடத்திலேயே சண்டையாகிறது. உங்கள் ஊர் ஷார்ட் ஃபிலிம் டீமில் ஆகாதா? ஷூட்டிங் தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

2. பாட்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள்

இந்தப் பகுதி வீடியோக்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். மாணிக்கவாசகர் உத்தரகோசமங்கையில் பாடியது நீத்தல் விண்ணப்பம். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட திருவாசகப் பாடலுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது. கோயில் வீடியோவுக்குப் பின்னணியாக அதைப் போட்டால் தப்பில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் போடுவது ஒரு கம்பெனி வெளியிட்ட ஒலிப்பதிவு. பாடல் பொதுச்சொத்து, அந்த ஒலிப்பதிவும் அதற்கு அமைத்த இசையும் கம்பெனிக்கும் இசையமைப்பாளருக்கும் சொந்தம். இளையராஜாவின் 2005-ம் ஆண்டு திருவாசக ஆல்பத்திலிருந்து ஒரு நிமிடம் எடுத்துப் போட்டுவிட்டு ‘சாமி பாட்டுதானே’ என்றால் எந்த சிஸ்டமும் கேட்காது. இருபது நொடிப் பாட்டுக்காக இருபது நிமிட வீடியோவின் வருமானம் முழுக்க வேறிடம் போய்விடலாம்.

நல்ல குரலுள்ள ஓதுவார் ஒருவரைப் பாடச் சொல்லி நீங்களே பதிவு செய்யுங்கள். அவருக்குக் காசு கொடுங்கள், கையெழுத்து வாங்குங்கள். அந்த ஒலிப்பதிவே உங்களுக்கு இன்னொரு சொத்து. ஏற்கெனவே கிளெய்ம் விழுந்த வீடியோவை அழிக்க வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்தப் பாட்டுத் துண்டை மட்டும் வெட்டவோ, மியூட் செய்யவோ, மாற்றவோ வழி இருக்கிறது.

3. ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள்

மெமரி கார்டில் இடமில்லை என்று ரா ஃபைலை அழிப்பவர்கள் சொந்தப் பணத்தை அழிக்கிறார்கள். நீங்கள் வெளியிட்டது 30 நொடி என்றால், அதற்கு முன்னும் பின்னும் ஓடிய காட்சி உங்களிடம் மட்டும்தான் இருக்கும். பாலம் ஏறுவதற்கு முன் கேமரா ஆடியது, பக்கத்தில் நின்றவர் பேசியது, நீங்கள் ஃபோகஸ் சரிசெய்தது எல்லாம் திருடியவரிடம் இருக்காது. தகராறு வந்தால் இதைக் காட்டினாலே பாதி ஜெயித்த மாதிரி. ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட் பிரதி, ஒரு எக்செல் ஷீட் போதும். ஷீட்டில் தேதி, இடம், எடுத்த கருவி, யாருக்காக எடுத்தது, யாருக்குக் கொடுத்தது, என்ன நிபந்தனை.

காப்புரிமை கிடைக்கப் பதிவு அவசியமில்லை. எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய வீடியோ படைப்புக்குக் கட்டணம் 5,000 ரூபாய். ஒவ்வொரு கிளிப்புக்கும் இதைச் செலவழிப்பது வீண். ஆவணப்படம், குறும்படம் போன்றவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

4. முதலில் நீங்களே ஏற்றுங்கள்

யூடியூபில் ‘காப்பிரைட் மேட்ச் டூல்’ என்று ஒன்று இருக்கிறது. பார்ட்னர் புரோகிராமில் சேர்ந்தவர்களுக்கும், முறையான நீக்கக் கோரிக்கை ஒன்றை ஏற்கெனவே அனுப்பி அது ஏற்கப்பட்டவர்களுக்கும் இது கிடைக்கும். உங்கள் வீடியோவைக் கிட்டத்தட்ட முழுசாக வேறொருவர் ஏற்றினால் தானாகவே காட்டிக்கொடுக்கும். ஒரே நிபந்தனை, யூடியூபில் அந்த வீடியோவை முதலில் ஏற்றியவர் நீங்களாக இருக்க வேண்டும். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பாராட்டு வாங்கிவிட்டு, இரவு வீட்டுக்குப் போய் ஏற்றலாம் என்று நினைத்தால் அதற்குள் வேறொருவர் முந்தியிருப்பார். வரிசையை மாற்றுங்கள்: யூடியூப் முதலில், குரூப் பிறகு.

துண்டு துண்டாக வெட்டியதை இந்த டூல் தவறவிடும். அங்கே கையால் தேட வேண்டும். கிளிப்பில் கண்ணைக் கவரும் ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். தமிழில், தங்கிலீஷில், இந்தியில் மூன்றிலும் தேடுங்கள். ராமேஸ்வரம், பாம்பன் சம்பந்தப்பட்ட கிளிப்புகளுக்கு வட இந்தியாவில் பெரிய பார்வையாளர் கூட்டம் உண்டு. சமீபத்தில் ஏற்றியவை என்று வடிகட்டுங்கள். படத்தைக் கண்ணாடி போல் இடவலமாகத் திருப்புவது, ஓரத்தில் கட்டம் போடுவது, வேகத்தைக் கூட்டுவது, குரலை மாற்றுவது ஆகியவை வழக்கமான தந்திரங்கள். வாட்டர்மார்க்கை மூலையில் வைத்தால் கிராப் செய்துவிடுவார்கள். காட்சியின் நடுப்பகுதியில் மங்கலாக, இடம் மாறி வரும்படி வையுங்கள். கண்டுபிடித்தவுடன் லிங்க், தேதி, வியூஸ் எண்ணிக்கை தெரியும்படி ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்துவிட்டுத்தான் எதிராளிக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் போனதும் வீடியோ காணாமல் போகும்.

5. ஸ்ட்ரைக் அடிப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

உங்கள் நீக்கக் கோரிக்கை ஏற்கப்பட்டால் எதிராளியின் யூடியூப் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். கையில் அவ்வளவு பெரிய ஆயுதம் இருப்பதாலேயே பலர் கோபத்தில் அதை வீணாக்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை இது.

உங்கள் கிளிப்பை எடுத்துப் போட்டது டிவி சேனல் அல்லது பெரிய நிறுவனம் என்றால் இன்வாய்ஸ் அனுப்புங்கள். மரியாதையான ஒரு மெயில், ரா ஃபைலின் ஸ்கிரீன்ஷாட், தொகை, 7 நாள் கெடு. கட்டணம் கட்டும் பழக்கம் உள்ள இடம் அது. உள்ளூர் சேனல்காரர் என்றால் போன் செய்யுங்கள். கிரெடிட்டும் உங்கள் சேனல் லிங்க்கும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் கேட்டுவிட்டு எடுப்பார், காசும் கொடுப்பார். முகமில்லாத ரீஅப்லோட் பக்கம் என்றால் பேச்சே வேண்டாம், நீக்கக் கோரிக்கை அனுப்புங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இதற்கு ‘ரைட்ஸ் மேனேஜர்’ இருக்கிறது. தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

அளவு மீறினால் பெயர் கெடும். 2025 மே மாதம் யூடியூபர் மோகக் மங்கல் ஒரு வீடியோ வெளியிட்டார். சில நொடி கிளிப்புகளுக்காக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டு, நீக்க நாற்பது லட்சத்துக்கு மேல் கேட்டதாகச் சொன்னார். நாடு முழுக்க விவாதமானது; ஏஎன்ஐ அவதூறு வழக்கோடு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் அடுத்தவர் படைப்பை எடுத்தாள 52-ம் பிரிவு இடம் தருகிறது. இத்தனை நொடி வரை இலவசம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இத்தனை நொடிக்கு மேல் போனாலே திருட்டு என்றும் இல்லை. உங்கள் கிளிப்பை வைத்து ஒருவர் உண்மையிலேயே விமர்சனம் செய்திருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களுடையது அல்லாததைக் கிளெய்ம் செய்யும் ஆசை வரவே கூடாது. உங்கள் பக்கத்தில் நின்று அதே பாலத்தை அதே கோணத்தில் எடுத்தவருடைய கிளிப் அவருடையது. நிகழ்ச்சிக்குக் காப்புரிமை கிடையாது. உங்கள் பதிவுக்கு மட்டுமே உண்டு. அமெரிக்காவில் இரண்டு பேர், 50,000-க்கும் மேற்பட்ட லத்தீன் பாடல்கள் தங்களுடையவை என்று சொல்லி, கன்டென்ட் ஐடி வழியாக 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார்கள். 2021-ல் குற்றம் சாட்டப்பட்டு, பிறகு சிறைக்குப் போனார்கள்.

6. எதை எடுத்தால் விலை போகும்?

மறுபடி எடுக்க முடியாதது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுவிட்டது. அதற்கு முன் ரயில் ஓடியதை நல்ல தரத்தில் எடுத்து வைத்திருப்பவரிடம் இருப்பது இனி யாரும் உருவாக்க முடியாத சரக்கு. ஹார்ட் டிஸ்க்கில் தேடிப் பாருங்கள். மூக்கையூரிலிருந்து வரும் ‘உங்கள் மீனவன்’ சேனலை ஏன் அத்தனை பேர் பார்க்கிறார்கள்? கடலுக்குப் போகிறவர் மட்டுமே எடுக்கக்கூடிய காட்சிகள் அதில் இருக்கின்றன. அரிச்சல்முனையின் கடல் சீற்றம், தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகள் எல்லாம் இந்த வகை. சூரியோதயத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள்.

அனுமதியில்லாமல் எடுத்ததை விற்க முடியாது. உத்தரகோசமங்கை மரகத நடராஜர் மேல் உள்ள சந்தனத்தைக் களைவது ஆண்டுக்கு ஒருமுறை ஆருத்ரா தரிசனத்தின்போது, அரிய காட்சிதான். ஆனால் சன்னதிக்குள் கேமரா நீட்டுவது விதிமீறல், வாங்குகிற இடமும் அனுமதிக் கடிதம் கேட்கும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்க்காமல் இந்தக் கரையில் டிரோன் பறக்கவிடாதீர்கள்.

இந்த மாவட்டத்தில் யாரும் சரியாகக் கை வைக்காத ஒரு சுரங்கம் இருக்கிறது: விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் போன்ற இசை நாடகங்கள். பபூன் காமெடியும் தர்க்கமும் துண்டு துண்டாக வெட்டப்பட்டு ஏராளமான சேனல்களில் ஓடுகின்றன. ஊர்க் கமிட்டி பணம் கொடுத்திருக்கும், வீடியோ யூனிட் எடுத்திருக்கும், நடிகர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 38-ம் பிரிவின்படி தங்கள் நிகழ்த்துகலைப் பதிவின் மேல் நடிகர்களுக்கும் தனி உரிமை இருக்கிறது. கமிட்டி, யூனிட், நடிகர் மூவரையும் ஒரே ஒப்பந்தத்தில் கொண்டுவந்து, வருமானத்தைச் சதவீதமாகப் பிரித்துக் கொடுப்பவருக்கு இங்கே நல்ல எதிர்காலம் உண்டு. மேடையில் தொண்டை கிழியப் பாடுகிற கலைஞருக்கு முதல் முறையாக ஆன்லைன் பங்கும் போய்ச் சேரும். இதைச் செய்ய ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு லேப்டாப்பும் கையெழுத்து வாங்கும் பொறுமையும் போதும்.

7. ஏஜென்ட்டிடம் போகும்போது

கன்டென்ட் ஐடி தனியாளுக்கு நேரடியாகக் கிடைப்பது அரிது. பெரிய கேட்டலாக் உள்ளவர்களுக்குத்தான் தருகிறார்கள். எனவே ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் போக வேண்டிவரும். அவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். வைரல் கிளிப்புகளை வாங்கி உலகம் முழுக்க லைசென்ஸ் செய்யும் வைரல்ஹாக், நியூஸ்ஃபிளேர் போன்ற ஏஜென்சிகளும் உண்டு. சதவீதத்தைப் பற்றி மட்டும் பேரம் பேசுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ‘எக்ஸ்குளூசிவ்’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, ஒரு கிளிப்புக்கா முழு சேனலுக்கா, எத்தனை ஆண்டு, எப்படி வெளியே வருவது, மாதக் கணக்கு ரிப்போர்ட் தருவார்களா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். எக்ஸ்குளூசிவாகக் கொடுத்த கிளிப்பை அப்புறம் நீங்கள் டிவிக்கு விற்றால் தப்பு உங்கள் பேரில்.

8. இதுவே வேலை

பாட்டு, படக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ரைட்ஸ் மேனேஜ்மென்ட் செய்ய ஆள் வேண்டும். இந்தத் துறையில் வளர்ந்த சென்னை நிறுவனமான டீவோவில் 2023-ல் வார்னர் மியூசிக் இந்தியா பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அந்த அளவுக்கு இதில் பணம் புழங்குகிறது. தினசரி வேலை இப்படி இருக்கும்: ரெஃபரன்ஸ் ஃபைல் ஏற்றுவது, மெட்டாடேட்டா திருத்துவது, ஒரே பாட்டுக்கு இரண்டு கம்பெனி உரிமை கோரினால் ஆவணம் பார்த்துத் தீர்ப்பது, சந்தேகமான மேட்ச்களைக் கண்ணால் சரிபார்ப்பது, டிஸ்ப்யூட் வந்தால் 30 நாளுக்குள் முடிவெடுப்பது.

எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். பல ஆயிரம் வரி உள்ள ஷீட்டைப் பார்த்து மிரளக் கூடாது. பிழையில்லாமல் ஆங்கில மெயில் எழுத வேண்டும். ஒரு காட்சியைப் பார்த்ததும் எந்தப் படம், எந்த ஆண்டு, யார் தயாரிப்பு என்று சொல்லத் தெரிந்தால் கூடுதல் பலம். சின்ன வயசிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து படம் பார்த்த நேரம் இங்கே தகுதியாக மாறும். டிகிரி என்ன என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். போர்ட்ஃபோலியோவாக, தெரிந்த ஒரு சேனலின் ஐம்பது வீடியோக்களை எடுத்துக்கொண்டு, எங்கெங்கே ரீஅப்லோட் ஆகியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம், ஏன் என்று ஒரு ஷீட் தயார் செய்யுங்கள். ரெஸ்யூமில் நூறு பேர் ‘டீம் பிளேயர்’ என்று எழுதியிருப்பார்கள். உங்களிடம் வேலையே இருக்கும்.

இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி வர வாய்ப்பு அதிகம்: ‘பன்னிரண்டு நிமிட ரிவ்யூ வீடியோவில் நம் படத்தின் நாற்பது நொடி சீன் வருகிறது. என்ன செய்வீர்கள்?’ ‘உடனே டேக் டவுன்’ என்று சொல்கிறவர் அங்கேயே வெளியேறிவிடுவார். சீன் ஓடும்போது விமர்சகர் அதைப் பற்றிப் பேசுகிறாரா, இல்லை சீனை அப்படியே ஓடவிட்டுச் சும்மா இருக்கிறாரா என்று முதலில் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். பேசியிருந்தால் கிளெய்மை விடுவிப்பேன். ஓடவிட்டிருந்தால் வருமானத்தை நம் பக்கம் திருப்புவேன். படம் வெளியான முதல் வாரத்தில் கிளைமாக்ஸ் சீன் என்றால் மட்டும் பிளாக் செய்வேன் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்.